அல்லங்காடி முதல் வன்னிப் பெருவீதி வரை: கடைத்தெருவின் ஒளி பற்றியதொரு வரலாற்று நோக்கு

வணிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பண்டங்களைப் பற்றியும், அவற்றின் விலை பற்றியும், அவை வந்த வழிகள் பற்றியும், வணிகக் குழுக்களைப் பற்றியும் விரிவாகக் கூறுவர். அப்பண்டங்களை மக்கள் எந்த ஒளியிற் கண்டு வாங்கினர் என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. ஆயின், கண்ணாற் காணாத பொருளை எவரும் எளிதில் விலை கொடுத்துப் பெறுவதில்லை. நெல்லின் நிறம், புடவையின் சாயம், மீனின் செவுள், பொன்னின் மஞ்சள் ஆகிய அனைத்தும் ஒளியின் துணைகொண்டே தம் தரத்தை அறிவிக்கின்றன. ஆதலின் கடையின் ஒளி வெறும் அலங்காரமன்று. விற்போனும் வாங்குவோனும் ஒருவரையொருவர் நம்புவதற்கான அடிப்படையுமாகும்.

கடையின் ஒளிக்கு இரு தொழில்கள் உள. பண்டத்தை உள்ளவாறு காட்டுவது ஒன்று. தொலைவில் வருவோனைக் கடையை நோக்கி அழைப்பது மற்றொன்று. முன்னதைக் காட்டும் ஒளி என்றும், பின்னதை அழைக்கும் ஒளி என்றும் இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம். இவ்விரண்டும் இசைந்து நிற்குமிடத்துக் கடைத்தெரு மனத்துக்கு இனியதாகின்றது. ஒன்று நலிந்து மற்றொன்று மிகுமிடத்து அச்சமோ மயக்கமோ ஐயமோ அங்குக் குடிகொள்கின்றது. கடைத்தெருவின் சூழல் எனப்படுவது பெரும்பாலும் இவ்விரு ஒளிகளுக்கும் இடையிலுள்ள உறவின் விளைவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதனை ஆராய்வதற்கு மாநகரங்களை விட்டு வன்னியை, அதிலும் புளியங்குளத்தை, நாம் தேர்ந்துகொள்வதற்குக் காரணமுண்டு. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 பெருவீதியில், ஓமந்தைக்கு வடக்கே அமைந்தது புளியங்குளம். நெடுங்கேணிக்குச் செல்லும் வீதி அங்கிருந்தே கிழக்கே பிரிகின்றது. புகையிரத நிலையமும் உண்டு. இத்தகைய சந்திக் கடைகள் ஊரவரை மட்டுமன்றி வழிச்செல்வோரையும் நம்பி வாழ்பவை. காடும் வயலும் சூழ்ந்த நெடுவழியில் ஒரு விளக்கு தெரிவதும் தெரியாமற் போவதும் அவற்றின் வாழ்வையும் தாழ்வையும் வகுத்துவிடும். எண்ணெய் விளக்கு, மண்ணெண்ணெய் விளக்கு, விளக்கே அரிதான நிலை, மின்னொளி ஆகிய எல்லாப் படிகளையும் வன்னி ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் கண்டது. மேனாடுகளில் இருநூறு ஆண்டுகளிற் பரந்து கிடக்கும் வரலாறு இங்கே சுருங்கி, சில வேளைகளிற் பின்னோக்கியும் நடந்திருக்கின்றது.

1. அல்லங்காடியின் விளக்குகள்

தமிழர் அங்காடியைக் காலத்தால் இரண்டாகப் பகுத்தனர். பகலில் நிகழ்வது நாளங்காடி. மாலைக்குப்பின் நிகழ்வது அல்லங்காடி. மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் விரித்துரைக்கின்றது. இரவுக் கடைக்குத் தனிப்பெயர் இருந்தமை கருதத்தக்கது. பகல் முடிந்தும் எஞ்சிய வணிகமாக அதனை அவர்கள் எண்ணவில்லை. தனக்கெனத் தனியியல்புடைய வேறோர் அங்காடியாகவே கொண்டனர். இடமொன்றாயினும் ஒளி மாறியபோது அங்காடியும் வேறாயிற்று.

அல்லங்காடியின் ஒளியை மிக நுணுக்கமாகப் பதிவுசெய்தவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், கோவலனும் மாதவியும் புகாரின் கடற்கரையை நோக்கிச் செல்லும்போது காணும் விளக்குகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. சாந்தும் மலரும் சுண்ணமும் விற்போரின் விளக்கு, கம்மியரின் கைவினை விளக்கு, மோதகம் விற்போரின் விளக்கு, அப்பம் விற்கும் கூவியர் குடம்போன்ற தண்டின்மேல் ஏற்றிய அகல், கடையில் அமர்ந்து பண்டம் விற்கும் பெண்டிரின் விளக்கு, இடையிடையே மீன் விற்போரின் விளக்கு, கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கு, பரதவரின் திமில் விளக்கு, வேற்றுமொழி பேசுவோர் அணையாது காத்த விளக்கு, பண்டசாலை காப்போரின் விளக்கு என அவ்வரிசை நீள்கின்றது.

இவ்வரிசையில் இரு செய்திகள் உய்த்துணரத்தக்கன. முதலாவது, ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்குரிய விளக்கு இருந்தமை. விளக்கின் உயரமும் வடிவும் இருக்கும் இடமும் அத்தொழிலின் தேவைக்கேற்ப அமைந்தன. கைவினைஞனுக்குக் கையருகே ஒளி வேண்டும். அப்பம் சுடுவோளுக்கு அடுப்பின் புகைக்கு மேலே ஒளி வேண்டும். கலங்கரைக்கோ கடல் முழுதும் தெரியும் உயரம் வேண்டும். எனவே தொலைவில் வருவோன் விளக்கைக் கண்டே கடையை இனங்காண இயலும். இரண்டாவது, அவ்விளக்குகளின் நிறைவைப் புலவர் எவ்வாறு அளந்தார் என்பது. நுண்மணலில் விழுந்த வெண்சிறு கடுகையும் காணக்கூடியதாக அவ்வொளி இருந்தது என்கிறார். ஒளியின் பெருமையை அதன் பகட்டால் அளக்காது, மிகச் சிறிய பண்டத்தையும் உள்ளவாறு காட்டும் திறத்தால் அவர் அளந்திருக்கின்றார். காட்டும் ஒளியும் அழைக்கும் ஒளியும் பிரியாதிருந்த நிலைக்கு இதனினும் சிறந்த சான்று தமிழிற் கிடைப்பதரிது.

2. வாயு விளக்கும் மின்னொளியும்

இலண்டனில் பெல்மெல் வீதி 1807-இல் வாயு விளக்கால் ஒளியூட்டப்பட்டது. அதன்பின் ஐரோப்பிய நகரங்களின் கடைகள் பெருங்கண்ணாடிச் சாளரங்களை அமைத்து, அவற்றின் பின்னே பண்டங்களை அடுக்கி, இரவிலும் ஒளியூட்டத் தொடங்கின. வாங்கும் நோக்கமின்றி உலாவுவோனும் கண்ணாடிக்கு முன் நின்று காணலானான். கடை தன் வாயிலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. இலங்கையிலும் வாயு விளக்கின் காலமொன்று இருந்ததைக் கொழும்புப் புறக்கோட்டையின் காஸ்வேர்க்ஸ் வீதி தன் பெயரால் இன்றும் நினைவூட்டுகின்றது.

மின்னொளி பெருங்கடைகளினுள் மிக விரைவாகவே புகுந்தது. 1877-இல் பரிசிலுள்ள லூவர் பெருங்கடையிலும், 1878-இல் பிலடெல்பியாவிலுள்ள வனமேக்கர் பெருங்கடையிலும் மின்வில் விளக்குகள் ஏற்றப்பட்டன. அவ்வொளி மிக வெண்மையானது; கண்ணைக் கூசச்செய்வது. அதே 1878-இல் ஆங்கில எழுத்தாளர் ரொபேட் லூயி ஸ்ரீவன்சன் மின்வில்லை வெறுத்து, பழைய வாயு விளக்குகளுக்காகப் பரிந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒளி மிகுதியாவதால் மட்டும் இடம் இனிதாகிவிடாது என்பது மின்னொளியின் தொடக்கத்திலேயே உணரப்பட்டது.

ஒளியின் நிறம் பற்றிய மற்றுமொரு நிகழ்ச்சியும் ஈண்டுக் கூறத்தக்கது. ஒஸ்திரிய விஞ்ஞானியான கார்ல் அவுவர் 1885-இல் சுடரின்மேற் பொருத்தி ஒளிவிடச் செய்யும் வலைப்பையைக் கண்டுபிடித்தார். நம்மவர் ‘மென்டில்’ என வழங்குவது அதன் வழிவந்ததே. முதலில் அவர் செய்த வலைப்பை பச்சை கலந்த ஒளியைத் தந்தது. மனித முகமும் உணவும் அவ்வொளியில் விகாரமாகத் தோன்றின. மக்கள் அதனை விரும்பவில்லை. 1891-இல் தோரியம் ஒட்சைட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும் சீரியம் ஒட்சைட்டு ஒரு பங்கும் கலந்து அவர் செய்த புதிய வலைப்பையே வெண்ணொளி தந்து உலகெங்கும் பரவியது. தோரியம் செறிந்த தோரியனைற்று என்னும் கனிமத்தை 1904-இல் இலங்கையில் இனங்கண்டவர், அக்காலத்தில் இந்நாட்டின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த ஆனந்த குமாரசுவாமி என்பது நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி. கீழைத்தேயக் கலைகளின் உரையாசிரியராக உலகம் அறிந்த அவ்வறிஞரின் முதற்பணி, விளக்கின் வலைப்பைக்கு வேண்டிய மூலப்பொருளோடு தொடர்புற்றிருந்தது.

கொழும்புக் கோட்டையில் மின்னொளி வணிக முறையில் வழங்கப்பட்டது 1895-இல். இலக்சபானா நீர்மின் நிலையம் 1950-இல் இயங்கத் தொடங்கியது. இலங்கை மின்சார சபை 1969-இல் நிறுவப்பட்டது. ஆயின் நகரத்துக்கு வந்த மின்சாரம் வன்னியின் ஊர்களுக்கு வருவதற்கு நீண்ட காலம் சென்றது.

20-ஆம் நூற்றாண்டில் ஒளி ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. நெதர்லாந்தைச் சேர்ந்த குரைற்றொவ் என்பார் 1941-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். மங்கலான இடத்தில் மஞ்சள் கலந்த ஒளியும், மிக வெளிச்சமான இடத்தில் வெண்மையான ஒளியுமே மனத்துக்கு இசைவானவை என்பது அதன் சாரம். மங்கலான வெள்ளொளி குளிர்ந்து சோர்ந்த உணர்வைத் தரும் என்றார் அவர். பிற்கால ஆய்வாளர் சிலர் இதனை முற்றாக ஏற்கவில்லை. எனினும் விளக்கமைப்போரிடையே அது நெடுங்காலம் செல்வாக்குற்றிருந்தது. 1973-இல் பிலிப் கொட்லர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், கடையின் சூழலே ஒரு விற்பனைக் கருவி என வாதித்து எழுதினார். 1994-இல் அரீனியும் கிம்மும் மதுக்கடையொன்றில் நிகழ்த்திய சோதனையின் முடிவு சுவையானது. ஒளி மிகுந்தபோது வாங்குவோர் அதிகமான போத்தல்களை எடுத்து ஆராய்ந்தனர். ஆயின் அதிகமாக வாங்கவில்லை. காட்டும் ஒளி வாங்குவோனுக்கு ஆராயும் உரிமையைத் தருகின்றதேயன்றி, விற்போனுக்கு வெற்றியை உறுதிசெய்வதில்லை என இதனை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

3. வன்னிப் பெருவீதியில்

வன்னியின் பழைய கடையை மனக்கண்முன் நிறுத்துவோம். முன்புறத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றியெடுக்கும் பலகைக் கதவு. வாயிலில் தொங்கும் வாழைக்குலை. அதன் அருகே சுருட்டுப் பற்றவைப்பதற்காகப் புகைந்துகொண்டிருக்கும் கயிறு. உள்ளே தராசு, சாக்குகள், கண்ணாடிப் பெட்டிக்குள் வடை. மாலை மயங்கும் வேளையில் முதலில் ஏற்றப்படுவது சுவாமி படத்தின் முன்னுள்ள விளக்கு. அதன்பின்னரே கடையின் லாந்தர் ஏற்றப்படும். விளக்கு எரிந்ததும் முதலாளி அதனைக் கும்பிடுவார்; அவ்வேளை கடையில் நிற்போரும் கைகூப்புவர். விளக்கு வைத்தபின் உப்பும் ஊசியும் இரவல் கொடாத வழக்கமும் நம் வீடுகளிலிருந்தது. மின்குமிழின் ஆளியை அழுத்தியவுடன் அதனை நோக்கிக் கைகூப்பும் முதியோரை இன்றும் காணலாம். ஒளியின் வருகையை ஒரு நிகழ்ச்சியாகக் கருதிய பண்பாட்டின் எச்சம் அது.

லாந்தரின் ஒளி மஞ்சளானது, தொலைசெல்லாதது. விளக்கிலிருந்து ஒரு முழத் தொலைவிற் கிடைக்கும் ஒளியில் நாலிலொரு பங்கே இரு முழத் தொலைவிற் கிடைக்கும் என்பது பௌதிக விதி. எனவே லாந்தர்க் கடையில் தராசைச் சுற்றிய சிறு வட்டமே கடையாயிற்று. மூலையிலுள்ள சாக்குகள் இருளில் அமிழ்ந்தன. வாங்குவோனும் விற்போனும் அவ்வட்டத்துள் முகத்தோடு முகம் நெருங்கி நின்றனர். பண்டத்தை அரிசியாயின் கையிலெடுத்தும், புகையிலையாயின் மோந்தும், கருவாடாயின் அழுத்தியும் அறிந்தனர். ஒளி குறைந்தவிடத்து ஏனைய புலன்கள் துணைக்கு வந்தன. அவற்றினும் மேலாக அறிமுகம் துணைக்கு வந்தது. கடன் கொப்பியில் எழுதப்பட்ட கணக்கை லாந்தரின் அருகே சரித்துப் பிடித்து இருவரும் பார்த்த காட்சி அக்காலக் கடையின் இயல்பை உணர்த்தப் போதுமானது.

இந்நிலையை மாற்றியது பெற்றோமாக்ஸ். 1910 அளவில் பேர்லினிலிருந்த எரிச் அன்ட் கிரெட்ஸ் நிறுவனத்தில் மக்ஸ் கிரெட்ஸ் உருவாக்கிய இவ்விளக்கு, மண்ணெண்ணெயை அழுத்தத்தால் ஆவியாக்கி வலைப்பையில் எரியச்செய்வது. லாந்தரோடு ஒப்பிடுகையில் அது பன்மடங்கு ஒளியைத் தந்தது. திருவிழா, திருமணம், கூத்து, மீன்சந்தை ஆகியன அனைத்தும் அதன் ஆட்சிக்குள் வந்தன. கடையில் அது உள்ளே வைக்கப்படாது, பெரும்பாலும் வாயிலில் உயரத் தொங்கவிடப்பட்டது. அவ்வாறு தொங்கியபோது அதன் ஒளி வீதிவரை பரந்தது. அதன் இரைச்சலும் கேட்டது. மழைக்காலத்தில் ஈசல்கள் மொய்த்தன. நிழல்கள் கூர்மையாயின. லாந்தர் முன்னே முதன்மையாகக் காட்டும் ஒளியாக இருந்தது. பெற்றோமாக்ஸ் காட்டவும் அழைக்கவும் வல்லதாயிற்று. அதனடியில் வாங்கு போட்டு இருவர் மூவர் இருந்து பேசலாயினர். தேநீர்க்கடை ஊரின் மன்றமாவதற்கு அவ்வொளியும் ஒரு காரணமென்பது மிகையன்று.

வன்னியின் வழியோர அல்லங்காடிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு முறிகண்டி. கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ-9 வீதியோரத்தில் அமைந்த பிள்ளையார் கோயிலுக்கு முன்னே வண்டியை நிறுத்தி, தேங்காய் உடைத்து, கர்ப்பூரம் கொளுத்தி, பின்னர் கச்சான் வாங்கிச் செல்வது வழிப்போக்கரின் வழக்கம். நெடிய இருளைக் கடந்துவரும் ஓட்டுநருக்குக் கோயிலின் தீபமும் கச்சான் கடைகளின் விளக்கும் ஒருங்கே தோன்றும். அங்கே வழிபாட்டு ஒளியும் வணிக ஒளியும் தனித்தனி அல்ல. இருளில் மனித வாழ்வு இருப்பதை இரண்டுமே அறிவிக்கின்றன. இளங்கோவடிகள் கலங்கரை விளக்கத்தையும் மீன் விற்போர் விளக்கத்தையும் ஒரே வரிசையில் வைத்ததன் பொருத்தம் இங்கே புலனாகும்.

4. ஒளி சுருங்கிய காலம்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. வடபகுதிக்குச் செல்லும் பொருள்கள் பலவற்றுக்கு அரசு தடைவிதித்தது. மண்ணெண்ணெயும் மின்கலங்களும் தடைக்கும் கடுங்கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டன. மின்சாரம் அற்றுப்போன நிலப்பரப்பில் மண்ணெண்ணெயும் அரிதாகிய நிலை எத்தகையதென்பதை அக்காலத்தில் வாழ்ந்தோரே முற்றாக அறிவர்.

பெற்றோமாக்சுகள் பரணேறின. அவற்றின் இடத்தைப் பிடித்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய்விட்டு, சிறு குழாயொன்றிற் கோத்த திரியைப் போத்தலுக்குள்ளேயே எரியவிடுவர். போத்தலின் கண்ணாடி காற்றிலிருந்து சுடரைக் காத்தது. மிகச் சிறிதளவு எண்ணெயில் நெடுநேரம் எரிந்தமையால் அதனைச் சிக்கன விளக்கு என்றும் அழைத்தனர். மாணவர் அதன் ஒளியிற் கற்றுப் பரீட்சை எழுதினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் இக்காலத்தே.

கடைகளில் இதன் விளைவு யாது? அழைக்கும் ஒளி முற்றாக மறைந்தது. எண்ணெயின் அருமை ஒரு காரணம். மற்றொன்று வானூர்திக் குண்டுவீச்சின் அச்சம். வீதிக்குத் தெரியும் ஒளி வாங்குவோனை அழைக்குமுன் அழிவை அழைக்கக்கூடும் என்னும் நிலையில், விளக்கு மறைக்கப்பட்டது. வான்வெளியில் இரைச்சல் கேட்டதும் அணைக்கப்பட்டது. அல்லங்காடி ஒடுங்கி, நாளங்காடி மட்டுமே எஞ்சிற்று. எஞ்சிய காட்டும் ஒளியும் ஒரு கையளவிற்குச் சுருங்கியது. பொருளை விளக்கருகே கொண்டுவந்து காட்டினர். விளக்கைப் பொருளருகே கொண்டுசெல்வது தவிர்க்கப்பட்டது, சுடர் அசைந்தால் எண்ணெய் வீணாகும் என்பதால்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் பேரளவில் இடம்பெயர்ந்தனர். அவருட் பெருந்தொகையினர் அடுத்த ஆண்டில் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். 1996-இல் கிளிநொச்சி நகர் இழக்கப்பட்டபின் மல்லாவியும் புதுக்குடியிருப்பும் வணிக மையங்களாயின. ஓலைக் கொட்டில்களில் அமைந்த அக்கடைகளில் நகரத்து வணிகரும் கிராமத்து வணிகரும் ஒரே விதமான போத்தல் விளக்கின் முன் அமர்ந்தனர். கண்ணாடிச் சாளரமும் பெயர்ப்பலகை விளக்கும் தந்த வேறுபாடுகள் அங்கில்லை. ஒளியின் வறுமை கடைகளைச் சமமாக்கியது என்று கூறலாம். ஆயின் அச்சமத்துவத்தைப் போற்றுதல் பொருந்தாது. அது விரும்பி ஏற்ற எளிமையன்று; மேலிருந்து சுமத்தப்பட்ட இருள்.

1997 மே 13-ஆந் திகதி தொடங்கிய ‘ஜயசிக்குறு’ படைநடவடிக்கையில் புளியங்குளம் பல மாதங்கள் போர்முனையாயிற்று. சந்தியும் கடைகளும் ஊரும் அழிந்தன. வழிப்போக்கரை அழைத்த விளக்குகள் இருந்தவிடத்தில் காவலரண்கள் எழுந்தன. ஒரு கடைத்தெருவின் ஒளி எவ்வளவு எளிதாக அணைக்கப்படலாம் என்பதற்கு வரலாற்றாசிரியன் தொலைவிற் சான்று தேட வேண்டியதில்லை.

போத்தல் விளக்கின் ஆபத்தும் மறக்கப்படலாகாது. அது சரிந்தால் எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். இது வன்னிக்கு மட்டுமன்றி, மின்னிணைப்பற்ற இலங்கைக் குடும்பங்கள் அனைத்துக்கும் உரிய துயராக இருந்தது. தீக்காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் சரியாததும் உருளாததும் திருகுமூடி உடையதுமான குட்டையான பாதுகாப்பு விளக்கொன்றை வடிவமைத்தார். சுதீப எனப் பெயரிடப்பட்ட அவ்விளக்குக்காக 1998-இல் ரோலெக்ஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. விளக்கின் வடிவமைப்பு அழகுக்குரிய விடயம் மட்டுமன்று, உயிர்காக்கும் விடயமுமாகும் என்பதை அவர் பணி காட்டிற்று.

2002 சனவரியிற் பொருளாதாரத் தடைகள் பெருமளவு தளர்த்தப்பட்டன. பெப்ரவரி 22-இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. ஏப்பிரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. பெருவீதியின் கடைகள் மீண்டும் பலகை திறந்தன, மண்ணெண்ணெய் கிடைத்தது, மின்பிறப்பாக்கிகள் முழங்கின. எனினும் ஓமந்தையிலும் முகமாலையிலும் அமைந்த சோதனைச் சாவடிகள் இரவில் மூடப்பட்டமையால் வழிப்போக்கர் பகலிலேயே கடந்து சென்றனர். விளக்குக்கு எண்ணெய் இருந்தும், அதனைத் தொலைவிற் காண வழியில் எவருமில்லை. ஒளி தொழிற்படுவதற்கு எரிபொருள் மட்டும் போதாது, நடமாடும் உரிமையும் வேண்டும் என்பதை இச்சிறு இடைவெளி நமக்கு உணர்த்துகின்றது. 2006 ஓகத்தில் முகமாலையில் வீதி மீண்டும் மூடப்பட்டது. பின்னர் நிகழ்ந்தவற்றை 2009 மே வரையிலான கொடுந்துயரின் வரலாறு கூறும்.

5. மின்னொளியின் மீள்வருகை

போர் முடிந்தபின் வன்னிக்கு மின்தொடர்கள் இழுக்கப்பட்டன. இருப்புப்பாதை 2011-இல் ஓமந்தை வரையும், 2013-இல் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீள அமைந்தது. இதே காலப்பகுதியில் விளக்கின் தொழில்நுட்பமும் பெருமாற்றமடைந்தது. நீல ஒளியுமிழ் இருவாயியைக் கண்டறிந்த யப்பானிய வழிவந்த அறிஞர் மூவருக்கு 2014-இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பயனாகப் பிறந்த எல்.ஈ.டி. குமிழ், பழைய அறுபது வாற்று இழைக்குமிழின் ஒளியை ஒன்பது வாற்று அளவிலேயே தந்தது. 1938-இல் விற்பனைக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கடைகளை ஆண்ட ‘ரியூப் லைற்’றின் காலத்தை வன்னியின் பல ஊர்கள் முழுமையாகக் காணவேயில்லை, போத்தல் விளக்கிலிருந்து அவை நேரே எல்.ஈ.டி.க்குத் தாவின.

இத்தாவலின் பயன்கள் பல. புகை ஒழிந்தது, தீவிபத்தின் அச்சம் குறைந்தது, கடையின் மூலைகளும் துலங்கின, பெண்கள் மாலையிலும் அச்சமின்றிக் கடைக்குச் செல்ல முடிந்தது. இவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றிகேடாகும். ஆயினும் புதியதொரு வினாவும் எழுகின்றது. ஒளி மலிவானதும் அழைக்கும் ஒளி கட்டின்றிப் பெருகுகின்றது. ஓடும் எழுத்துப் பலகைகள், நிறம் மாறும் சரவிளக்குகள், கண்ணைக் கூசவைக்கும் நீலங்கலந்த வெண்குமிழ்கள் ஆகியன ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. அனைத்தும் உரத்துக் கூவும் சந்தையில் எக்குரலும் கேளாததுபோல, அனைத்தும் ஒளிரும் தெருவில் எக்கடையும் தனித்துத் தெரிவதில்லை.

காட்டும் ஒளிக்கும் இடருண்டு. பொருளின் நிறம் அதன்மேல் விழும் ஒளியைப் பொறுத்தது. மெழுகுதிரியின் ஒளி ஏறத்தாழ 1900 கெல்வின், இழைக்குமிழினது 2700 கெல்வின், நண்பகல் ஒளி 5500 கெல்வினுக்கு மேல் என அளவிடுவர். ஒரே வெப்பநிலை குறிக்கப்பட்ட இரு விளக்குகளும் நிறத்தை ஒரேவிதமாகக் காட்டுமென்று கொள்ளலாகாது. மலிவான குமிழ்கள் சிவப்பைப் பெரும்பாலும் மங்கச்செய்கின்றன. இதனை அறிந்த வணிகர் ஒளியைத் தேர்ந்து கையாள்வர். பொன்னுக்கு மஞ்சளொளி, வைரத்துக்கு வெள்ளொளி, இறைச்சிக்குச் செந்நிறச் சாயல் என உலகெங்கும் வழக்கங்கள் உருவாகியுள்ளன. இவற்றிற் சில பண்டத்தின் இயல்பை விளக்குவன. சில அதன் குறையை மறைப்பன. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை மெல்லியது.

அவ்வெல்லையை நம் தாய்மார் அறிந்திருந்தனர். கூறைப்புடவை எடுக்கச் செல்லும்போது, கடையின் விளக்கொளியில் எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், அதனை வாயிலுக்குக் கொண்டுவந்து பகலொளியில் விரித்துப் பார்த்தபின்பே விலைபேசினர். நல்ல வணிகர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. தாமே எடுத்துச்சென்று காட்டினர். அறிவியற் கருவி ஏதுமின்றி நிகழ்ந்த நிறப்பரிசோதனை அது. வாங்குவோனின் ஐயத்தை விற்போன் மதித்தான் என்பதே அதனுள் பொதிந்த அறம்.

2022 மார்ச்சு இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. கொழும்பின் பேரங்காடிகள் இருண்டு நின்றபோது தென்னிலங்கை மக்கள் பலர் முதன்முறையாக உணர்ந்ததை வன்னி மக்கள் முன்னரே பன்னீராண்டு கற்றிருந்தனர். மின்குமிழை மட்டும் நம்பிய கடை, மின்சாரம் அற்றதும் கண்ணிழக்கின்றது. பகலொளி புகும் சாளரமும் முன்தாழ்வாரமும் உடைய பழைய கடை அப்போதும் தொழில் செய்தது.

முடிவுரை

மேலே கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். புகாரின் அல்லங்காடியில் காட்டும் ஒளியும் அழைக்கும் ஒளியும் ஒன்றாயிருந்தன. மேனாட்டுப் பெருங்கடை அழைக்கும் ஒளியைத் தனியொரு கலையாக வளர்த்தது. போர்க்கால வன்னியில் அழைக்கும் ஒளி ஒறுக்கப்பட்டு, காட்டும் ஒளியும் கையளவாயிற்று. இன்று அழைக்கும் ஒளி பெருகிக் காட்டும் ஒளியை விழுங்கத் தலைப்படுகின்றது. கடையின் சூழலை முடிவு செய்வது ஒளியின் அளவு மட்டுமன்று. அதனை ஏற்றவும் அணைக்கவும் உரிமையுடையோர் யாவர், அவ்வொளி யாருடைய கண்ணுக்குத் துணைசெய்கின்றது என்னும் இரண்டுமே அதனை முடிவு செய்கின்றன.

பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பயிலும் மாணவர் இத்துறையில் ஆற்றத்தக்க பணி நிறைய உண்டு. போத்தல் விளக்கின் ஒளியிற் கடை நடத்தியோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவ்விளக்கை அவர்கள் எவ்வாறு செய்தனர், எங்கே வைத்தனர், எவ்வேளை அணைத்தனர் என்பன எழுத்தில் ஏறாவிடின் ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும். அதுபோன்றே, மீள எழும் சந்திகளில் கடை கட்டுவோர் குமிழை வாங்குமுன் சாளரத்தைப் பற்றியும் எண்ணவேண்டும். தெருவை நோக்கி ஒரு விளக்கு ஏற்றுமுன் தராசை நோக்கி ஒரு விளக்கு ஏற்றவேண்டும்.

புளியங்குளச் சந்தியில் மாலையில் விளக்கெரிவது இன்று செய்தியாகக் கருதப்படுவதில்லை. அது செய்தியாகாதிருப்பதே நலம். ஆயினும் நெடுங்கேணி வீதியிலிருந்து பெருவீதிக்கு ஏறும் ஒருவர் அவ்வொளியைத் தொலைவிற் கண்டு, கடை திறந்திருக்கிறது என்று மனம் தேறுவாராயின், அச்சிறு தேற்றத்தின் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டென்பதை நாமாவது அறிந்திருத்தல் வேண்டும்.